வெப்சைட் பெயரை வியாபாரக் குறியால் காப்பாற்றுவது எப்படி: மலையகத்தில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையக ஊரான எல்லவில் என் அக்கா நான்கு அறைகள் வைத்து ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறார். ஒரு நாள் காலை வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "உங்கள் வெப்சைட்டில் முன்பணம் கட்டினேன், ஏன் பதில் இல்லை?" அக்காவுக்கு அப்படி ஒரு முன்பணம் வரவே இல்லை. வெப்சைட்டைத் திறந்து பார்த்தால் பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு யாரோ. நடந்தது என்னவென்றால், வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, தன் ஈமெயிலில், தன் பெயரில் எடுத்திருந்தார். பிறகு வேலைக்கு வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்கள் எல்லாம் அவருடைய பழைய ஈமெயிலுக்குப் போய்க் கிடந்தன. பெயர் காலாவதியாகி, வேறு கைக்கு மாறிவிட்டது.

அக்கா பிரதேச செயலகத்தில் வாங்கிய வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழோடு ஒரு சட்டத்தரணியிடம் போனார். "இது போதாதே, வியாபாரக் குறி பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று அவர் கேட்டார். இல்லை. அந்த ஒரு "இல்லை"க்காக நாங்கள் அலைந்த அலைச்சலில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தேயிலைப் பொதி விற்பவர், சுற்றுலா வாகனம் ஓட்டுபவர், டியூஷன் நடத்துபவர், கேக் செய்து விற்கும் அக்காமார் என்று யார் வெப்சைட் வைத்திருந்தாலும் இது பொருந்தும்.

நான்கு பதிவேடுகள், நான்கும் வேறு வேறு

பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் ஏமாறுவதற்கு முதல் காரணம், ஒரு இடத்தில் பதிந்தால் எல்லா இடத்திலும் பதிந்த மாதிரி என்று நினைப்பதுதான். அப்படி இல்லை.

பிரதேச செயலகத்தில் பதிவது வியாபாரப் பெயர். இந்தப் பெயரில் இந்த ஆள் இந்த இடத்தில் தொழில் செய்கிறார் என்பதற்கான பதிவு அது. வங்கிக் கணக்கு திறக்க உதவும். அந்தப் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் உரிமை அதில் வராது. கம்பனியாகப் பதிந்தால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு பெயர் கிடைக்கும். அதுவும் வியாபாரக் குறி ஆகாது. டொமைன் மூன்றாவது. அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஒரு வருடத்துக்கோ, கூடியது 10 வருடத்துக்கோ எடுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். குத்தகைக் காணி மாதிரி.

நான்காவதுதான் டிரேட்மார்க், அதாவது வியாபாரக் குறி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவது. பெயருக்கு உறுதிப் பத்திரம் என்றால் இதுதான். காணி உறுதி இல்லாத லயத்து அறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நமக்கு, கையில் உறுதி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. சொந்தமாக உண்டாக்கிய பெயருக்காவது அந்த உறுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

படி 1: காப்பாற்றக்கூடிய பெயராக வையுங்கள்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். பெயர் பிழையாக இருந்தால் பின்னால் செய்யும் எதுவும் உதவாது.

விற்கும் பொருளையோ ஊரையோ அப்படியே சொல்லும் பெயர் சட்டத்தில் பலவீனமானது. "எல்ல ஹோம்ஸ்டே", "நுவரெலியா ஃப்ரெஷ் டீ", "அட்டன் கேக்ஸ்" போன்ற பெயர்கள் தேடுபவரின் கண்ணில் சுலபமாகப் படும் என்று நினைத்து வைக்கிறோம். ஆனால் எல்லவில் ஹோம்ஸ்டே நடத்தும் எல்லோருக்கும் அந்தச் சொற்கள் தேவை. அதனால் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக அவற்றைப் பதிந்து கொடுக்கமாட்டார்கள். அக்காவின் பழைய பெயரும் இதே ரகம்தான், ஊர்ப் பெயரோடு ஒரு சாதாரணச் சொல்.

தேயிலை விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாளேந்திய சிங்கச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான குறி. பொதியில் அதைப் போட வேண்டுமானால் சபையின் அனுமதி வேண்டும். உள்ளே இருப்பது 100 வீதம் இலங்கைத் தேயிலையாகவும், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவை என்பவை தேயிலைப் பிரதேசப் பெயர்கள். அவற்றைத் தனி ஒருவர் தன் பெயராக்கிக்கொள்ள நினைப்பது வீண் செலவு.

அப்படியென்றால் எப்படிப்பட்ட பெயர் பலமானது? பொருளோடு நேரடியாகச் சம்பந்தம் இல்லாத சொல், அல்லது புதிதாக உண்டாக்கிய சொல். இதற்கு நம் தோட்டத்துப் பேச்சு ஒரு பொக்கிஷம். பிரட்டு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுவது), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), மடுவம். இந்தச் சொற்கள் வெளியே பலருக்குத் தெரியாது, நமக்கோ உயிரோடு ஒட்டியவை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பெயரை ஒரு ஹோம்ஸ்டேக்கு வைத்தால், தங்கும் அறையை அது விவரிக்கவில்லை. அதனால் பலமான குறி. ஆனால் "கொழுந்து" என்பதைத் தேயிலைக்கு வைத்தால், அது பொருளையே சொல்லிவிடுகிறது. அதே சொல்லைக் கைப்பைக்கு வைத்தால் பிரச்சினை இல்லை. ஒரு பெயர் பலமா பலவீனமா என்பது அதை எதற்கு வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு எழுத்துப் பிரச்சினை ஒன்று உண்டு. டொமைன் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான். நம் நாட்டில் ழகரத்துக்கு வெறும் "எல்" போடுவோம், தமிழ்நாட்டில் "இசட் எச்" போடுவார்கள். தகரத்துக்கு நாம் "ரி எச்", வேறு சிலர் "ரி" அல்லது "டி". "கொழுந்து" ஒரு சொல்லை நாலைந்து விதமாக எழுதலாம். ஒவ்வொன்றும் தனி டொமைன், ஒவ்வொன்றையும் வேறொருவர் எடுக்கலாம். அதனால் பெயரை முடிவு செய்யுமுன் ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள்: ஐந்து பேரிடம் வாயால் சொல்லி, ஆங்கிலத்தில் டைப் செய்யச் சொல்லுங்கள். ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினால் வேறு பெயர் யோசிப்பது நல்லது. அப்படியே ஒரு சிங்கள நண்பரிடமும் சொல்லிக் காட்டுங்கள். அவர் காதில் அது எப்படி விழுகிறது என்பது இந்த நாட்டில் முக்கியம்.

படி 2: தேடிப் பாருங்கள்

காசு கட்டுமுன் தேட வேண்டிய இடங்கள்: தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பதிவேடு, கம்பனிப் பதிவாளரின் இணையப் பெயர்த் தேடல், உலகப் புலமைச் சொத்து அமைப்பின் இலவசமான உலகளாவிய குறித் தரவுத்தளம், அப்புறம் கூகுள், பேஸ்புக், இன்ஸ்டகிராம். அச்சொட்டாக அதே எழுத்தில் மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். காதுக்கு ஒரே மாதிரிக் கேட்கும் பெயரும் ஆட்சேபனைக்குக் காரணமாகும். மூன்று மொழியிலும், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

படி 3: டொமைனை உங்கள் பெயரிலேயே எடுங்கள்

பெயர் முடிவானதும் அதே நாளில் டொமைனை எடுத்துவிடுங்கள். வியாபாரக் குறிக்கு விண்ணப்பம் போட்டபின் டொமைன் எடுக்கலாம் என்று தள்ளி வைக்க வேண்டாம்.

டொட் எல்கே பெயர்களை 1990இலிருந்து நிர்வகிப்பது எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி. டொட் கொம் பெயரை எந்த ரெஜிஸ்ட்ராரிடமும், அதாவது டொமைன் பதிந்து கொடுக்கும் நிறுவனத்திடமும், எடுக்கலாம். இரண்டையும் எடுங்கள் என்பது என் கருத்து. தமிழ் எழுத்திலேயே டொட் இலங்கை என்று முடியும் முகவரியும் 2010இலிருந்து இருக்கிறது. தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் அதையும் பார்க்கலாம். இப்படிப் பெயரின் கடைசியில் வரும் மற்ற வால்களை எல்லாம் எடுத்துக் குவிக்கத் தேவையில்லை. அடிக்கடி பிழையாக டைப் செய்யப்படும் ஒரு எழுத்துக்கூட்டல் இருந்தால் அதை மட்டும் சேர்த்து எடுங்கள்.

இனி, அக்காவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமல் இருக்கச் செய்ய வேண்டியவை. ரெஜிஸ்ட்ரார் கணக்கை நீங்களே திறக்க வேண்டும், வெப்சைட் செய்பவர் அல்ல. உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ கம்பனிப் பெயரோ இருக்க வேண்டும். இது மிக முக்கியம்: தகராறு வரும்போது முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். கணக்கோடு இணைத்த ஈமெயில் அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் ஈமெயிலும் நின்றுவிடும், மீட்கும் வழியும் அடைபடும். இரட்டைப் பாதுகாப்புக் குறியீட்டையும், டொமைன் இடம்மாறாமல் தடுக்கும் பூட்டையும் போட்டு வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி, அந்த வங்கி அட்டை காலாவதியாகும் திகதியையும் குறித்து வையுங்கள். பலருக்குப் பெயர் போவது அட்டை காலாவதியானதால்தான்.

வெப்சைட் செய்பவர் நல்லவராகவே இருக்கலாம். அக்காவுக்குச் செய்து கொடுத்தவரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. ஆனால் நல்ல மனிதரும் ஊர் மாறுவார், ஈமெயிலை மறப்பார். இப்போதே வேறொருவர் பெயரில் உங்கள் டொமைன் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை டொட் கொம் பெயர் காலாவதியாகிவிட்டால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் சில வாரங்கள் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். அது கடந்து அழிப்புக்குப் போனாலும், கூடிய கட்டணத்தில் மீட்க 30 நாள் உண்டு. அதற்குப் பிறகு பெயர் அழிப்புக்காகக் காத்திருக்கும் 5 நாள், அப்போது மீட்க முடியாது. அதுவும் முடிந்தால் பெயர் சந்தைக்கு வந்துவிடும். ஆனால் சில ரெஜிஸ்ட்ரார்கள் அதற்கு முன்பே ஏலத்தில் விட்டுவிடுவதும் உண்டு. அதனால் கவனித்த நாளிலேயே அவர்களுடன் தொடர்புகொள்ள வேண்டும்.

படி 4: வியாபாரக் குறிக்கு விண்ணப்பியுங்கள்

தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள சமாகம் மெதுர கட்டடத்தில் இருக்கிறது. கம்பனிப் பதிவாளரின் அலுவலகமும் அதே கட்டடம்தான். ஒரே பயணத்தில் இரண்டு வேலையையும் பார்க்கலாம். விண்ணப்பத்தை நீங்களே போடலாம். ஒரு சட்டத்தரணியோ பதிவு பெற்ற முகவரோ இருந்தால் வகுப்புத் தேர்விலும் ஆட்சேபனைக்குப் பதில் எழுதுவதிலும் பிழை குறையும்.

முதல் கேள்வி, எதைப் பதிவது? "டொட் கொம்" சேர்த்து முழு முகவரியையும் பதிய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. அந்த வால் எல்லோருக்கும் பொது, அதனால் குறிக்குப் பலம் சேராது. புக்கிங் டொட் கொம் நிறுவனம் தன் முழு முகவரியையும் அமெரிக்காவில் பதிவதற்கு 2020இல் உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. நமக்கு அந்தப் போராட்டம் வேண்டாம். நடுவில் இருக்கும் சொல்லைப் பதியுங்கள். வால் எதுவானாலும் அது பொருந்தும்.

அடுத்தது சொல்லா, லோகோவா? இரண்டுக்கும் காசு இருந்தால் இரண்டும். ஒன்றுக்குத்தான் இருந்தால் சொல்லை மட்டும், எந்த அலங்காரமும் இல்லாமல், ஆங்கில எழுத்தில் பதியுங்கள் என்பேன். டொமைன் அந்த எழுத்தில்தான் இருக்கிறது, தகராறு வந்தால் ஒப்பிடுவதும் அதோடுதான். லோகோவை நாளைக்கு மாற்றலாம், சொல் மாறாது. பொதியில் தமிழும் சிங்களமும் பெரிதாக வருகிறது என்றால் அவற்றை அடுத்த கட்டத்தில் சேருங்கள்.

பிறகு வகுப்பு. உலகம் முழுக்கப் பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 34 வரை பொருட்கள், மீதி சேவைகள். நம் பக்கத்துத் தொழில்களுக்கு அடிக்கடி வருபவை: தேயிலை, கோப்பி, மசாலா, கேக் எல்லாம் 30. பச்சை மரக்கறியும் பூவும் 31. மற்றவர்களின் பொருட்களைக் கடையாகவோ இணையத்திலோ விற்கும் சேவை 35. பயண ஏற்பாடு, வாகனம் 39. டியூஷன், பயிற்சி 41. தங்குமிடமும் சாப்பாட்டுக் கடையும் 43. இலங்கையில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

இதில் ஒரு பிழையைப் பலர் செய்கிறார்கள். "நான் வெப்சைட்தானே நடத்துகிறேன்" என்று நினைத்து மென்பொருள் சேவைகளுக்கான 42ஆம் வகுப்பில் போடுவார்கள். வெப்சைட் உங்கள் கடைவாசல் மட்டும்தான். உள்ளே விற்பது தேயிலை என்றால் 30தான் உங்கள் வகுப்பு. வகுப்பு பிழைத்தால் பதிவு இருந்தும் பயன்படாது.

யாருடைய பெயரில் போடுவது என்பதையும் வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். தொழில் நடத்துவது அம்மா, விண்ணப்பம் மகன் பெயரில் என்றால் பின்னால் சிக்கல். டொமைனும் குறியும் ஒரே பெயரில் இருப்பது நல்லது.

முகவரியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். லயத்து முகவரிக்கு வரும் கடிதம் பல தோட்டங்களில் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலோ சுற்றி வருகிறது. அலுவலகம் ஒரு விளக்கம் கேட்டு எழுதினால் பதிலுக்குக் கால எல்லை உண்டு. கடிதம் தாமதமானது என்று சொல்லித் தப்ப முடியாது. டவுனில் கடை வைத்திருக்கும் உறவினரின் முகவரியையோ, முகவரின் முகவரியையோ கொடுங்கள்.

விண்ணப்பம் போட்டபின் அலுவலகம் பரிசீலிக்கும். ஏற்றுக்கொண்டால் வர்த்தமானியில் வெளியிடும். வெளியான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் யாரும் ஆட்சேபனை சொல்லலாம். அது இல்லாமல் கடந்தால் பதிவுச் சான்றிதழ். பொறுமை வேண்டும், இது வருடக் கணக்கில் இழுக்கலாம். ஆனால் இரண்டு பேர் ஒரே பெயரைக் கேட்டால் யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதற்கு மதிப்பு உண்டு. அதனால்தான் போடும் திகதியைத் தள்ளாதீர்கள் என்கிறேன். சான்றிதழ் வரும்வரை பெயருக்குப் பக்கத்தில் "ரிஎம்" போடலாம், வட்டத்துக்குள் "ஆர்" போடக் கூடாது.

படி 5: சாட்சியைச் சேர்த்து வையுங்கள்

முதல் பற்றுச்சீட்டு, முதல் லேபல் அச்சடித்த பில், சந்தையில் கடை போட்ட படம், முதல் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஈமெயில். எல்லாம் திகதியோடு ஒரு கோப்பில் இருக்கட்டும். வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் உங்கள் வெப்சைட்டை நீங்களே அவ்வப்போது சேமித்து வைக்கலாம். பதிவு செய்யாத குறிக்கும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. வாடிக்கையாளரைக் குழப்பும் நியாயமற்ற போட்டியை மேலே சொன்ன புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அப்போது கைகொடுப்பது இந்தக் கோப்புதான்.

படி 6: யாராவது பெயரைப் பிடித்துவிட்டால்

கோபத்தில் உடனே எதையும் எழுதிவிடாதீர்கள். முதலில் முழுப் பக்கத்தையும் முகவரியும் திகதியும் தெரியும்படி படம் பிடியுங்கள். வாடிக்கையாளரை ஏமாற்றிக் காசு வாங்கும் பக்கம் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்து, அந்த ரெஜிஸ்ட்ராருக்கும் வெப்சைட்டைத் தாங்கும் நிறுவனத்துக்கும் மோசடி என்று அறிவியுங்கள். படங்களைத் திருடியிருந்தால் அது பதிப்புரிமை மீறல். அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை, எடுத்தவருக்கு உரிமை தானாகவே உண்டு. அக்காவின் விஷயத்தில் கடைசியில் வேலை செய்தது இதுதான். அறைகளின் படங்கள் எங்களுடையவை என்று காட்டியதும் அந்தப் பக்கம் இறக்கப்பட்டது. பெயர் மட்டும் திரும்பவில்லை.

பெயரையே திரும்பப் பெற, டொட் கொம் போன்றவற்றுக்கு யூடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் முறை இருக்கிறது. உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999இல் கொண்டுவந்தது. நீதிமன்றம் போகாமல், இணையத்திலேயே நடக்கும். மூன்று விஷயத்தையும் நிரூபிக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் தோல்வி. டொமைன் உங்கள் குறியைப் போலவே, குழப்பும்படி இருக்கிறது. எடுத்தவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை எதுவும் இல்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு அதைப் பதிந்தும் பயன்படுத்தியும் வருகிறார்.

முதலாவதுக்குப் பதிவுச் சான்றிதழ் ஒரு தாள் போதும். சான்றிதழ் இல்லாவிட்டால், அந்தப் பெயரைச் சொன்னாலே மக்களுக்கு உங்கள் தொழில்தான் நினைவுக்கு வரும் என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டும். இரண்டாவதுக்கு நிசான் கதை நல்ல உதாரணம். உசி நிசான் என்பவர் தன் சொந்தக் குடும்பப் பெயரில் 1994இல் நிசான் டொட் கொம் எடுத்தார். அந்தப் பெரிய கார் கம்பனி 1999இல் நீதிமன்றத்துக்கே போய், வருடக் கணக்கில் வழக்காடியும் பெயரை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. மூன்றாவதில் திகதி பேசும். நீங்கள் தொழில் தொடங்குமுன்பே ஒருவர் அந்த டொமைனை எடுத்திருந்தால், உங்களைக் குறிவைத்து எடுத்தார் என்று சொல்ல முடியாது. பிறகு குறி பதிந்தாலும் உதவாது. மறுபக்கம், "இவ்வளவு டொலர் தந்தால் பெயரைத் தருகிறேன்" என்று அவரே உங்களுக்கு எழுதினால் அந்த ஈமெயிலைப் பத்திரப்படுத்துங்கள். கெட்ட எண்ணத்துக்கு அது பலமான சாட்சி.

உலகப் புலமைச் சொத்து அமைப்பில் ஒரு நடுவரோடு, ஐந்து டொமைன் வரையுள்ள ஒரு முறைப்பாட்டுக்குக் கட்டணம் 1,500 அமெரிக்க டொலர். எதிராளி பதில் சொல்ல 20 நாள். பொதுவாக இரண்டு மாதத்தில் முடியும். வென்றால் பெயர் உங்களுக்கு மாறும் அல்லது ரத்தாகும். நட்டஈடு கிடையாது. ஒரு சின்ன ஹோம்ஸ்டேக்கு 1,500 டொலர் பெரிய காசு. அந்தப் பெயரால் வருடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய பெயர் வைப்பது சில நேரம் மலிவாக இருக்கும்.

டொட் எல்கே பெயர் என்றால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரிக்கு எழுதிக் கேளுங்கள். எதிராளி இலங்கையிலேயே இருந்தால், சட்டத்தரணியின் கடிதம் ஒன்றுக்கே பலர் அடங்கிவிடுவார்கள். அடங்காவிட்டால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். பேஸ்புக்கில் போலிப் பக்கம் என்றால் அவர்களின் முறைப்பாட்டுப் படிவத்தில் குறியின் பதிவு இலக்கத்தைக் கேட்பார்கள். இலக்கம் கையில் இருந்தால் வேலை சுலபம்.

கடல் கடந்து விற்பவர்களுக்கு

இலங்கையில் பதிந்த குறி இலங்கைக்குள் மட்டும்தான் செல்லும். லண்டனில் தேயிலை விற்கிறீர்கள் என்றால் பிரித்தானியாவில் தனியாகப் பதிய வேண்டும். இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அங்கே விண்ணப்பித்தால், இங்கே போட்ட திகதியையே அங்கும் கணக்கில் எடுப்பார்கள். பாரிஸ் உடன்படிக்கை தரும் சலுகை இது. அந்த 6 மாதத்தைத் தவறவிடாதீர்கள். ஏற்றுமதி தொடங்கியதும் வாங்குபவரே உங்கள் பெயரைத் தன் நாட்டில் பதிந்துகொள்ளும் அபாயம் உண்மையானது.

பதிந்த பிறகு

பதிவு 10 வருடம். ஒவ்வொரு 10 வருடத்துக்கும் புதுப்பிக்கலாம். தொடர்ந்து 5 வருடம் பயன்படுத்தாமல் விட்டால் குறியை நீக்கும்படி வேறொருவர் நீதிமன்றம் போகலாம். தொழிலைக் கொஞ்சக் காலம் நிறுத்தினாலும் பெயரை முற்றாகத் தூங்கவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் கூகுளில் தேடுங்கள்.

அக்கா இப்போது தோட்டத்துச் சொல் ஒன்றைப் பெயராக வைத்திருக்கிறார். டொமைன் அவருடைய பெயரில், 43ஆம் வகுப்பில் விண்ணப்பமும் போட்டாயிற்று. விண்ணப்ப இலக்கத்தையும் டொமைன் முடியும் திகதியையும் ஒரு அட்டையில் எழுதி, வரவேற்பறையில் சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார்.